நாலாம் நம்பர் பெட்டியின் சுருதி

ஜூன் 6, 2004, ஞாயிறு

பெரிய குழுக்களின் முதல் ஆல்பம் எப்படி உருவானது என்று பின்னாளில் ஆளாளுக்குக் கதை விடுவார்கள். எங்கள் கதையைக் கிருபாகரன் விடுவான். அவன் விட்டால் அதில் நான் இருக்க மாட்டேன். அதனால் இன்றிலிருந்து எழுதிவைக்கிறேன்.

குழுவின் பெயர் சவக்களை. நான் இன்னாசி, குரலும் ஒரு கிடாரும். கிருபாகரன் இன்னொரு கிடார்; பதிவு செய்வதும் அவனுடைய கம்ப்யூட்டரில்தான். பூபதி டிரம்ஸ். பேஸ் கிடார் வாசித்தவன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். சாவையும் பிணத்தையும் பற்றி அடித்தொண்டையில் உறுமுகிற ராக் இசைக்கு டெத் மெட்டல் என்று பெயர்; திருச்சியில் எங்களைத் தவிர அதை வாசிக்கும் ஆட்கள் இல்லை. ஆகவே திருச்சியின் தலைசிறந்த டெத் மெட்டல் குழு எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

ஆல்பத்தில் ஏழு பாட்டு. 'எலும்புச் சாந்து', 'புழுக்களின் பந்தி', 'பிரேதப் பரிசோதனை' என்று ஆறு முடிந்துவிட்டது. ஏழாவதற்கு மெட்டு இருக்கிறது, வரி இல்லை. ஆறிலும் நான் உறுமியிருக்கும் உறுமலைக் கேட்டுப் பக்கத்தில் வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ்காரர் இரண்டு முறை ஓடிவந்து பார்த்தார்.

ஒத்திகை நடப்பது அரியமங்கலத்தில், பூபதியின் தாய்மாமா குடோனில். அவர் பிரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிறார். வெளியூர் சொந்தங்கள் வந்து சேரும்வரை இறந்தவர்களைக் குளிரில் வைக்கும் கண்ணாடிப் பெட்டி. மொத்தம் ஐந்து. வாடகைக்குப் போகாத பெட்டிகளுக்கு நடுவில்தான் வாசிக்கிறோம். பால்பண்ணை பஸ் ஸ்டாப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடையில் எனக்கு வேலை என்பதால் போன வருடம் நாலாம் நம்பர் பெட்டியின் விசிறி மோட்டாரை நான் கட்டிக்கொடுத்தேன். கம்பிச் சுற்றை எண்ணும்போது ஏதோ பாட்டு யோசனையில் கணக்குத் தவறிவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பெட்டி 'ம்ம்ம்' என்று ஒரே சீராக முனகுகிறது. எந்தச் சுரத்திலும் சேராமல் இரண்டு சுரத்துக்கு நடுவில் நிற்கிற முனகல். முதலில் சிரித்தோம். பிறகு கிடார்த் தந்திகளைத் தளர்த்தி அதோடு சேர்த்துப் பார்த்தோம். உடம்பு சிலிர்த்தது. ஆல்பம் முழுவதற்கும் சுருதி அந்தப் பெட்டிதான், பேஸும் அதுதான்.

மாமா கேட்கும்போதெல்லாம், "அடுத்த வாரம் சரிபண்ணித் தர்றேன் மாமா" என்கிறேன். எட்டு மாதமாக.

இன்றைய மற்ற வேலைகள்: அம்மாவுக்கு உருளைக்கிழங்கை இரண்டு முறை வேகவைத்து நீரை வடித்தேன். சிறுநீரகம் போனவர்களுக்குக் காய்கறியின் பொட்டாசியச் சத்தை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அம்மாவின் பெயர் ஆரோக்கியமேரி. பெயர் வைத்தவர்கள் உயிரோடு இல்லை, இருந்தால் கேட்டிருப்பேன்.

ஜூன் 8, செவ்வாய்

டயாலிசிஸ் நாள். செவ்வாயும் வெள்ளியும் நான்கு மணி நேரம். அம்மா பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள், கபடி. மாவட்டக் கோப்பை ஐந்து முறை. ரத்தம் குழாயில் போய் வந்துகொண்டிருக்கும்போதும் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்குகிறது. நர்ஸ் ஊசி குத்த எவ்வளவு நேரம் எடுத்தாள் என்று பார்த்துச் சொல்வாள்.

போன மாதம் என் நீள உறுமலையும் அளந்தாள். முப்பத்தொரு விநாடி.

"மூச்சு நல்ல மூச்சுடா. வயித்துலேர்ந்து எடுக்குற. ஆனா என் புள்ளைங்க கபடி பாடிப் போனா வார்த்த சுத்தமா கேக்கும். நீ பாடுறதுல ஒரு எழவும் புரியல."

"அதான்மா இந்தப் பாட்டு."

"புரியக் கூடாதுன்னா எதுக்குடா உக்காந்து எழுதுற?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. அப்போது நினைவுக்கு வரவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து சவரி மாமா, அம்மாவின் தம்பி, தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகஸ்டில் சென்னையில் ஆபரேஷன். டயாலிசிஸ் அம்மாவின் இதயத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ரொம்பத் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

ஜூன் 11, வெள்ளி

சவரி மாமா போன் செய்தார். அத்தை ஒப்புக்கொள்ளவில்லையாம், பிள்ளைகள் அழுகிறார்களாம். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் நான்கு வரி எழுதி அடித்துவிட்டேன்.

அம்மாவின் ரத்த வகைதான் எனக்கும். டயாலிசிஸ் முடிகிறவரை சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம் என்று கீழே போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 14, திங்கள்

ஆஸ்பத்திரியில் ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கொடுத்து இருபத்துநான்கு மணி நேரம் நான் போகிற சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் அதில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். காயில் கடைக்கு லீவு போடலாம், ஒத்திகைக்குப் போட முடியாது. கேனோடு போனேன்.

"என்ன மாப்ள, மூலிகைத் தண்ணியா?" என்றான் கிருபா.

"தொண்டைக்கு."

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் பூபதி மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். பாய்ந்து பிடுங்கினேன். அவன் மோந்து பார்த்த முகத்தோடு அரை மணி நேரம் டிரம்ஸ் வாசித்தான். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பையன்.

ஜூன் 18, வெள்ளி

டயாலிசிஸ் கூடத்தில் ஏழாவது பாட்டுக்கு வரி கிடைத்துவிட்டது. தலைப்பு 'இடது பக்கம்'. ஒரே மூச்சில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பிரேதப் பரிசோதனையின் இரண்டாம் பாகம் என்று கிருபாவிடம் சொல்லியிருக்கிறேன். தாளைக் கேட்டான், மனப்பாடம் என்றேன். உறுமினால் யாருக்கும் ஒரு வார்த்தையும் பிடிபடாது. இந்த இசையில் இருக்கிற பெரிய வசதியே அதுதான்.

ஜூன் 30, புதன்

சென்னை. அம்மாவிடம் கடை வேலையாக மதுரை போவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஸ்கேன், இன்னும் ஏழெட்டுச் சோதனை, எல்லாம் பொருந்துகிறது. டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்டார். என்னை வற்புறுத்தும் ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்றேன்.

இடது பக்கச் சிறுநீரகத்தை எடுப்பார்களாம். விலாவுக்குக் கீழே ஒரு ஜாண் நீளத்துக்கு வெட்டு. பல மாதம் பளு தூக்கக் கூடாது, தம் கட்டக் கூடாது, வயிற்றை முக்கக் கூடாது.

"நான் பாடகன் சார். வயித்துலேர்ந்து பாடுறது."

"அப்படியா? மெலடியா?"

"கிட்டத்தட்ட."

வயிற்றுத் தசை பழையபடி ஆகுமா என்று கேட்டேன். சிலருக்கு ஆகும், சிலருக்கு முழுசாக ஆகாது என்றார். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி குறித்திருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. விக்கிரவாண்டியில் தோசை நன்றாக இருந்தது. எனக்குப் பயம் எதுவும் இல்லை.

ஜூலை 2, வெள்ளி

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கையெழுத்து வேண்டும் என்பதால் நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டேன், அப்போதுதானே சாதாரண விஷயம் போல இருக்கும்.

அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"முடியாது."

"ஏன்?"

"ஏனா? முப்பது வருசம் பொம்பளப் புள்ளைங்க ஒடம்ப வெச்சு வேல பாத்தவடா நான். தம் கட்டுறவன் வயித்துல கத்தி வெச்சா என்ன ஆகும்னு அந்த டாக்டர விட எனக்குத் தெரியும். அந்த முப்பத்தோரு செகண்டு அப்புறம் கெடையாது. போயிரும்."

"போனா போகுது. உனக்குத்தான் அது எழவுப் பாட்டாச்சே."

"எனக்குப் புடிக்கலன்னா? உனக்குப் புடிச்சதுதானே!"

அம்மா கத்தி நான் கேட்டு ஒரு வருடம் ஆகிறது. கத்தியதிலேயே மூச்சு வாங்கியது, நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து மூச்சை ஒழுங்குபண்ணிக்கொண்டாள். பிறகு டீச்சர் குரலில் சொன்னாள்.

"அந்த சிடிய முழுசா முடிச்சுக் கொண்டாந்து என் கையில குடு. ஏழு பாட்டும் இருக்கணும். அப்பத்தான் கையெழுத்துப் போடுவேன். பாதி ஆட்டத்துல உன்ன வெளிய கூப்ட்டு எனக்கு வைத்தியம் வேணாம்."

ஏழாவது பாட்டு ஒரு நாள் வேலை. இதற்கு ஏன் இவ்வளவு சத்தம் என்று தெரியவில்லை. அம்மா அழுதாள், நானும் கொஞ்சம் அழுதேன், சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 4, ஞாயிறு

குழுவிடம் சொன்னேன். பூபதி டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து என் இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "அப்ப அந்தக் கேனு..." என்றான். ஆமாம் என்றேன். கிருபா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "வர்ற ஞாயிறு ஏழாவது. ஒரே நாள்ல அடிச்சிரலாம் மச்சான்" என்றான். அவன் கண்ணைத் துடைத்தது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டான்.

ஜூலை 11, ஞாயிறு

'இடது பக்கம்' பதினான்கு முறை பாடினேன். எதுவும் என் தரத்துக்கு இல்லை.

ஜூலை 13, செவ்வாய்

அம்மாவை டயாலிசிஸில் விட்டுவிட்டுக் குடோனுக்கு ஓடி ஒன்பது முறை. கடைசியில் ரோட்டில் லாரி ஹாரன். கிருபா ஹாரன் கேட்கவில்லை என்கிறான். எனக்குக் கேட்டது.

ஜூலை 16, வெள்ளி

தொண்டை ஓய்வு. அம்மா "முடிஞ்சுதா?" என்றாள்.

ஜூலை 18, ஞாயிறு

ஏழாவதில் கிடாரே சரியில்லை என்று முடிவு செய்து எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். கிருபா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"போன ஞாயித்துக்கெழமையே ரெண்டாவது டேக் சூப்பரா இருந்துச்சு. அப்பவே முடிஞ்சிருச்சுடா பாட்டு. உனக்கு என்னடா பிரச்சன?"

"தரம்."

"இவ்ளோ நாளு எங்க போச்சு அந்தத் தரம்? எலும்புச் சாந்துல ரெண்டு எடத்துல தப்பா வாசிச்சிட்டு, அதான் ஃபீலுன்ன."

கலைஞனின் மனநிலை கிருபாவுக்குப் புரியாது. அழித்தாயிற்று. சனிக்கிழமை புதிதாகத் தொடங்குகிறோம்.

ஜூலை 20, செவ்வாய்

விடிகிற நேரத்தில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். நெஞ்சில் நீர் கோத்துவிட்டது. ஆட்டோ. உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எத்தனையோ பெண்களுக்கு மூச்சுப் பிடிக்கப் பழக்கியவள் வீட்டிலிருந்து தில்லைநகர் ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு முழு மூச்சு எடுக்கவில்லை.

மதியத்துக்குள் தேறிவிட்டாள். ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக்குள் சென்னையில் சேர்த்தாக வேண்டும், தேதி தவறினால் பிறகு தன் கையில் இல்லை என்று டாக்டர் சொன்னார். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். முடிஞ்சுதா என்று இந்த முறை கேட்கவில்லை.

உருளைக்கிழங்கு வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 24, சனி

எழுத நிறைய இருக்கிறது.

காலையில் குடோனுக்குப் போனால் நாலாம் நம்பர் பெட்டி இல்லை. மற்ற நான்கும் முன்பே வெளியே போயிருந்ததால் இதையும் மாமா அனுப்பியிருக்கிறார். பொன்மலை ரயில்வே காலனியில் ஒருவர் இறந்துவிட்டார், மகன் மஸ்கட்டிலிருந்து நாளைக்குத்தான் வருகிறார்.

"பதிவு பண்ண ஆறு பாட்டு இருக்குல்ல. அதப் போட்டுக் கேட்டு டியூன் பண்ணிக்கலாம். அஞ்சு நிமிச வேல" என்றான் கிருபா.

ஒலிப்பதிவில் கேட்பதும் நேரில் கேட்பதும் ஒன்றல்ல, திங்கட்கிழமை பெட்டி வந்த பிறகு பார்க்கலாம் என்றேன். கிருபா என் முகத்தைப் பார்த்தான். "அப்ப போ. எழவு வீட்டுக்கே போயி டியூன் பண்ணிட்டு வா" என்றான்.

போனேன். கோபத்தில்தான் கிளம்பினேன். கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாமாவின் பதிவேட்டில் விலாசம் பார்த்து, டவுன் பஸ் ஏறி. உலகத்தில் வேறெந்தப் பாடகனும் இப்படி ஒரு காரியத்துக்குப் பஸ் ஏறியிருக்க மாட்டான்.

வாசலில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். மதியம் மூன்று மணி. எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நின்றேன். உள்ளேயிருந்து நாலாம் நம்பரின் முனகல் கேட்டது. அதற்குள் ஒரு பெரியவர் கிடாரைப் பார்த்துவிட்டார்.

"மாதா கோயில்லேர்ந்து பாட்டுக்காரத் தம்பி வந்தாச்சு. வழி விடுங்கப்பா."

இல்லை என்று சொல்வதற்குள் நான்கு கை என்னை உள்ளே தள்ளிப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டது. கண்ணாடிக்குள் ஒருவர். மரியதாஸ், ரயில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மீசையை யாரோ ஒழுங்காகச் சீவிவிட்டிருந்தார்கள். தலைமாட்டில் மகள், நாற்பது வயது இருக்கும், பிலோமினா என்று கூப்பிட்டார்கள்.

வந்த வேலையைப் பார்த்தேன். காதைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்து ஆறு தந்தியையும் சேர்த்தேன். நான் சாய்ந்து அழுகிறேன் என்று நினைத்து ஒரு அம்மாள் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். சுருதி சேர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் வீடு முழுக்க அமைதி. எல்லோரும் பாட்டுக்காகக் காத்திருக்கிறார்கள்.

சின்ன வயதில் கோயிலில் பாடிய எல்லாப் பாட்டும் அந்த நிமிடத்தில் மறந்துபோனது. எனக்கு மனப்பாடமாக இருந்தவை என் ஏழு பாட்டுதான். ஆறில் பிணம் இருந்தது. எதிரே ஒரு மனிதர் இருந்தார். அந்த ஆறையும் அவர் முன்னால் வாயில் எடுக்க முடியாது என்று தெரிந்தது, கூச்சமாக இருந்தது.

ஏழாவதைப் பாடினேன். உறுமாமல், மெதுவாக, வார்த்தை வார்த்தையாக. பெட்டி கூடவே வந்தது.

இடது பக்கம் திறந்து எடுத்துக்கொள்,
எனக்கு ஒன்று போதும்.
இரண்டாகக் கொடுத்தவள் நீதானே,
ஒன்றைத் திருப்பித் தருகிறேன்.

அடுத்த வரியில் குரல் உடைந்தது. நிறுத்திவிட்டேன். என் பாட்டு எனக்கே அன்றுதான் புரிகிற மாதிரி காதில் விழுந்தது. யாரும் திட்டவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பிலோமினா அக்கா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் டீ கொடுத்தார்.

"நீங்க கோயில்லேர்ந்து வரல, இல்ல தம்பி?"

"இல்லக்கா. மன்னிச்சிருங்க."

"பாட்டு யாருக்கு? அம்மாவுக்கா?"

"ம்."

"கிட்னிதானே? எப்ப ஆபரேசன்?"

"பதினாறு நாள்ல."

"பயமா இருக்கா?"

"ஆமாக்கா."

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும். மயக்க மருந்து கொடுத்துவிட்டால் எழுவேனா என்று பயம். எழுந்தால் இந்தக் குரல் இருக்குமா என்று பயம். அம்மா உடம்பு அதை ஏற்காமல் போனால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் விடப் பெரிய பயம். பாட்டு முடியாதவரை இதெல்லாம் தொடங்காது. தரமாவது மண்ணாவது.

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னார்: "எங்க அப்பாவும் அப்புடித்தான். முப்பத்தஞ்சு வருசம் எஞ்சின் ஓட்டுனாரு. டெய்லி டூட்டிக்குக் கெளம்புறப்ப கை நடுங்கும், அம்மாதான் சட்டப் பட்டன் போட்டுவிடுவாங்க. ஆனா வண்டிய ஒரு நாளும் லேட்டா எடுத்ததில்ல."

கிளம்பும்போது பெட்டியின் சத்தத்துக்காகவும் மன்னிப்புக் கேட்டேன், மோட்டார் கட்டியது நான்தான் என்று. சத்தம் இல்லாவிட்டால் வீடு வெறிச்சென்று இருந்திருக்கும் என்றார்.

பஸ்ஸில் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, முறுக்காணிகளை யாரும் இடித்துவிடாமல் கையால் மூடிக்கொண்டே வந்தேன்.

ஜூலை 25, ஞாயிறு

என் கிடாரை வைத்துக் கிருபா அவன் கிடாரைச் சேர்த்தான், பெட்டியின் முனகலைப் பழைய பதிவிலிருந்து எடுத்துப் போட்டான். ஒரே டேக். கடைசி உறுமலை விலா வலிக்கும்வரை இழுத்தேன். முடித்ததும் கிருபா, "கேட்டுப் பாக்குறியா?" என்றான்.

"வேணாம். அடி சிடிய."

பூபதி குச்சியைத் தூக்கிப் போட்டான், அது மூன்றாம் நம்பர் பெட்டி நிற்கும் இடத்தில் போய் விழுந்தது. பெட்டி அங்கே இல்லாததால் கண்ணாடி பிழைத்தது.

மாலை அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஹெட்போனில் முழு ஆல்பத்தையும் கேட்டாள். முப்பத்தாறு நிமிடம். இடையில் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை, ரெஃப்ரி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஏழாவதின் கடைசியில் ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.

"முப்பத்தி மூணு."

"ம்."

"இந்த ஏழாவதுல என்னடா சொல்ற?"

"பிரேதப் பரிசோதனைம்மா."

"அப்புடியா" என்றாள். பேனா கேட்டாள். ஆரோக்கியமேரி என்று பள்ளிக்கூடத்தில் ரிப்போர்ட் கார்டில் போடுகிற மாதிரியே அடிக்கோடிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு, சென்னை

கை நடுங்குகிறது. நாளைக்கு வண்டியை நேரத்துக்கு எடுத்துவிடுவோம்.

ஆகஸ்ட் 11, புதன்

இருமினால் உயிர் போகிறது. சிரித்தாலும். பூபதியை உள்ளே விடாதீர்கள் என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மா கண்ணாடி அறையில் இருக்கிறாள், யாரையும் உள்ளே விடுவதில்லை. பொருத்திய உடனே, ஆபரேஷன் மேஜையிலேயே சிறுநீர் வந்துவிட்டதாம். நேற்று மட்டும் ஆறு லிட்டர். நர்ஸ் சொன்னபோது நான் கத்தியிருப்பேன், முடியாது என்பதால் கட்டிலைத் தட்டினேன். என் சரக்கு எங்கே போனாலும் வேலை செய்யும்.

ஆகஸ்ட் 13, வெள்ளி

அம்மாவிடமிருந்து நர்ஸ் மூலமாக ஒரு துண்டுச் சீட்டு. அப்படியே ஒட்டிவைக்கிறேன்:

"இன்னாசிக்கு. ஏழாவது பாட்டின் தாள் உன் நீலச் சட்டைப் பையில் இருந்தது. ஜூனிலேயே துவைப்பதற்கு முன் படித்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். எழுத்துப்பிழை இரண்டு. நடந்து பழகு. படுத்தே கிடக்காதே."

ஜூனிலேயே. அப்படியென்றால் நான் சோறு வடிக்கும்போது சொன்னது அவளுக்குப் புதுச் செய்தி இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் முதலில் பாட்டை முடி என்றிருக்கிறாள். சிரிப்பு வந்தது. தையல் பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 17, ஞாயிறு

இரண்டு மாதத்துக்குப் பிறகு குடோன். கிடாரை வாசல்வரை பூபதிதான் தூக்கிவந்தான், எனக்குப் பளு கூடாது. நாலாம் நம்பர் உள்ளேதான் இருந்தது. ஓட விட்டோம். ம்ம்ம்.

சிடி இருநூறு பிரதியும் போய்விட்டது. சென்னையிலிருந்து ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார்: இப்படி ஒரு குரலைத் தமிழ்நாட்டில் கேட்டதில்லை, அடுத்த ஆல்பம் இதைவிடக் கொடூரமாக வேண்டும். உண்மைதான், யாரும் கேட்டிருக்க முடியாது. நானே இனி கேட்க முடியாது. நீள உறுமலை முயன்று பார்த்தேன். விலாவில் சுருக்கென்றது, காற்றுதான் வந்தது. கிருபா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"பெட்டிய நிறுத்தாத" என்று சொல்லிவிட்டு, பொன்மலையில் பாடியதைப் போல மெதுவாகப் பாடினேன். 'இடது பக்கம்', முழுசாக. பூபதி குச்சியை வைத்துவிட்டு விரலால் தட்டினான். முடிந்ததும் கொஞ்ச நேரம் பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"டேய்," என்றான் கிருபா, "இந்தப் பாட்டு இதுவாடா? நாலு மாசமா இதுக்கா நான் பிரேதப் பரிசோதனைன்னு நெனச்சு வாசிச்சேன்?"

முதல் ஆல்பம் அப்படியே இருக்கட்டும். அதைவிட நன்றாக யாரும் உறும முடியாது. அடுத்ததில் வார்த்தை கேட்கும். அந்த சென்னைக்காரர் திட்டிக் கடிதம் போடுவார், போடட்டும். அதையும் ஒட்டிவைக்கிறேன்.

மாமா வந்து, மோட்டார் எப்போது சரியாகும் என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஸ்டாப்வாட்சை எடுத்தாள். சும்மா 'ஆ' என்று நீட்டிப் பாடச் சொன்னாள். ஒன்பது விநாடி. இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒம்போதுக்குள்ள அடங்குற மாதிரி வரி எழுதிக்கிறேன்" என்றேன்.

"எழுது. பிழையில்லாம எழுது."

பிறகு மாத்திரை நேரம். இப்போது ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடித்தாக வேண்டும். டயாலிசிஸ் காலத்தில் முக்கால் லிட்டரை அளந்து நாள் முழுக்க உதட்டை நனைத்துக்கொண்டு கிடந்தவள், சொம்பை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தாமல் குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்குகிற சத்தம் அடுப்படிவரை கேட்டது. ஸ்டாப்வாட்ச் என் கையில் இருந்தது, அழுத்தினேன். சொம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு வாயைத் துடைத்தாள்.

பதினான்கு விநாடி. என்னைவிட ஐந்து கூட.